ஊசி போன வழி

எட்டு மாதங்களுக்கு முன் செய்து கொடுத்த ஒரு வேலையை என் மனம் இன்னும் முடிந்ததாக எடுத்துக்கொள்ளவில்லை. லொறி ஓடிக்கொண்டிருக்கிறது, அதன் உரிமையாளருக்கும் எனக்கும் இடையில் கணக்கு எதுவும் மிச்சமில்லை. இருந்தும், இரவில் பாரமேற்றிய லொறியொன்று திருகோணமலையின் பாலையூற்றைக் கடந்து கண்டி வீதியில் போகும் சத்தம் கேட்டால், படுத்த இடத்திலிருந்தே என் காது அதன் எஞ்சினைத் தொடர்ந்து போகிறது. சத்தம் இடையில் அறுந்துவிடுமோ என்று காத்திருக்கிறது. இருபத்திரண்டு வருடமாக வாகன வயரிங் வேலை செய்கிறேன். கை தவறுவதும் திருத்திக்கொள்வதும் இந்தத் தொழிலில் எவருக்கும் உள்ளதுதான். ஆனால் இந்தத் தவறு நேர்ந்த விதத்தைப் பற்றி எங்களுக்குள் யாரும் வாய்திறந்து பேசி நான் கேட்டதில்லை. அதனால் எழுதுகிறேன்.

லொறி 2004 ஆம் ஆண்டு ஜப்பானில் செய்தது. அங்கே சில காலம் ஓடிவிட்டு, பழைய வாகனமாக இங்கே வந்தது. உரிமையாளர் கிண்ணியாவில் மீன் வியாபாரம் செய்பவர். வயதில் மூத்தவர் என்பதால் நானா என்று கூப்பிடுவேன். கொட்பே துறைமுகத்தில் மீனை ஏற்றி, மேலே ஐஸ் நிரப்பி, வாரத்தில் மூன்று இரவுகள் அந்த லொறி பேலியகொடை மீன் சந்தைக்குப் போகும். அவருடைய மருமகன்தான் சாரதி. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபோது இதை விற்றுவிட்டு இன்னொன்று எடுக்கலாம் என்றிருந்தவர், அந்த எண்ணத்தையும் விட்டுவிட்டார். இறக்குமதி மீண்டும் திறக்க 2025 ஆகிவிட்டது. அந்த ஐந்து வருடத்தில் எங்கள் மாவட்டத்தில் எத்தனையோ லொறிகள், ஓய்வு பெற வேண்டிய வயதில் இன்னொரு சுற்று உழைத்தன. சென்ற கார்த்திகையில், வாடைக்காற்று நன்றாகப் பிடித்த நாட்களில், இந்த லொறி இரவில் நிற்கத் தொடங்கியது. இரண்டு மணி நேரம் ஒழுங்காக ஓடும். கந்தளாய் தாண்டி, கல்ஓயாச் சந்திக்கும் ஹபரணைக்கும் இடையில், எந்த முன்னறிகுறியும் இல்லாமல் எஞ்சின் அணைந்துவிடும். பத்து நிமிடம் கழித்துச் சாவியைத் திருப்பினால், ஒன்றுமே நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆகும். அந்த வீதியில் இரவு யானை கடக்கும் என்பதை இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. முகப்பு விளக்கை அணைக்கவும் பயம், எரியவிடவும் பயம் என்று அந்தப் பையன் என்னிடம் சொன்னபோது அவன் குரல் சாதாரணமாக இருக்கவில்லை.

ஓடும் எஞ்சின் இப்படிச் சட்டென்று நின்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது கிராங்க் சென்சரை. பிளைவீலின் ஓரத்திலிருந்து ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் விலகி நிற்கும் சிறு காந்தமும் அதைச் சுற்றிய செம்புச் சுருளும்தான் அது. சக்கரத்தின் ஒவ்வொரு பல்லும் எதிரே கடக்கும்போது காந்தப்புலம் அசைகிறது. சுருளில் சிறியதொரு மின் அலை பிறக்கிறது. அந்த அலைகளை எண்ணித்தான் கணினிப் பெட்டி, பிஸ்டன் எங்கே நிற்கிறது, டீசல் தெளிக்கும் எந்த இன்ஜெக்டரை எந்தக் கணத்தில் திறக்க வேண்டும் என்று தீர்மானிக்கிறது. சில எஞ்சின்கள் இந்தச் செய்தி அறுந்தால், வால்வுகளை இயக்கும் தண்டின் பக்கம் இருக்கும் கேம் சென்சரை வைத்துச் சமாளித்துக்கொள்ளும். இது நின்றுவிடும் வகை. நான் தொழில் பழகிய காலத்து லொறிகளில் டீசலை அளந்து கொடுத்தது பல்லும் நெம்புமான ஒரு பம்ப். ஒருமுறை ஸ்டார்ட் ஆகிவிட்டால் பற்றரியையே கழற்றிவிட்டாலும் அது ஓடும். 1995 இல் டென்சோ நிறுவனம் ஹினோ லொறிகளில், கணினி சொல்லும் கணத்தில் டீசலைத் தெளிக்கும் கொமன் ரெயில் முறையைக் கொண்டுவந்த பிறகு, மெல்ல மெல்ல எல்லா லொறிகளும் சென்சரின் சொல் கேட்டு நடப்பவையாகிவிட்டன. இவ்வளவு பெரிய எஞ்சினை நிறுத்த, தையல்நூல் பருமனுள்ள இரண்டு வயர்களில் ஒன்று ஒரு கணம் கைவிட்டால் போதும்.

நானா என்னிடம் வரும்போது ஏற்கெனவே இரண்டு சென்சர் வாங்கிவிட்டிருந்தார். ஒன்று கொழும்பில் பழைய உதிரிப்பாகம் விற்கும் பஞ்சிகாவத்தையில் எடுத்த பழையது. மற்றது பெட்டியோடு வந்த புதியது. இரண்டையும் வேறொரு கராஜில் மாற்றிப் போட்டார்கள். இரண்டும் சில நாட்களில் அதே கதை. கணினிப் பெட்டி பதிந்து வைத்த கோளாறு எண்களைப் படிக்கும் ஸ்கேனர் காட்டியது பி0335. இந்த எண்ணைப் பார்த்ததும் சென்சர் போய்விட்டது என்று சொல்லிவிடுவது எங்கள் தொழிலில் ஊறிப்போன ஒரு பழக்கம், அதை நான் எப்போதும் எதிர்த்தே வந்திருக்கிறேன். அந்த எண் சொல்வது, கிராங்க் சென்சரின் சுற்றில் கோளாறு என்பதை மட்டுமே. சென்சரும் அந்தச் சுற்றில்தான் இருக்கிறது. அதன் கனெக்டரும், இரண்டு வயரும், கணினிப் பெட்டியின் உள்ளே போகும் பின்னும் அதே சுற்றில்தான் இருக்கின்றன. சென்சரைக் காசு கொடுத்து மாற்றலாம், வயரை நேரம் கொடுத்துத்தான் பார்க்க வேண்டும். ஆகவே காசு முந்திக்கொள்கிறது. "தம்பி, இனி சென்சர் வாங்கச் சொல்லாத" என்றுதான் நானா பேச்சைத் தொடங்கினார். நான் சொல்லவில்லை. லொறியின் கெபினைச் சரித்து, கீழே குனிந்து, முதலில் கனெக்டரைத்தான் பார்த்தேன். அந்த அளவில் நான் சரியாகவே நடந்தேன் என்று இன்றும் நினைக்கிறேன்.

செம்பும் களிம்பும்

மீன் லொறியின் அடிப்பகுதியை அருகில் பார்த்திராதவர்களுக்கு அதன் நிலையை விளங்கவைப்பது கடினம். ஐஸ் உருகிய நீர், மீன் இரத்தமும் கடல்நீரும் கலந்து, பெட்டியின் அடியால் இரவெல்லாம் சொட்டிக்கொண்டிருக்கும். கெபினுக்கும் பெட்டிக்கும் நடுவிலுள்ள இடைவெளியால் அது நேரே கியர் பெட்டியின் கழுத்தில் விழும். கிராங்க் சென்சர் இருப்பது அந்தக் கழுத்தில்தான். கனெக்டரின் பிளாஸ்டிக் கூடு இருபது வருட எஞ்சின் சூட்டில் பிஸ்கட் போலாகியிருந்தது. கூட்டைக் கவ்விப் பிடிக்கும் நாக்கு முன்பே உடைந்து, யாரோ கேபிள் டை போட்டு இறுக்கியிருந்தார்கள். அந்த டையை வெட்டியதும் கூடு என் விரலிலேயே இரண்டாகப் பிளந்தது. தண்ணீரைத் தடுக்க வேண்டிய றப்பர் வளையத்தில் பாதியைக் காணவில்லை. உள்ளே இருந்த இரண்டு பெண் பின்களும் பச்சை பூத்திருந்தன. சைவசமய பாடத்தில் ஆணவ மலத்துக்குச் செம்பில் களிம்பை உவமை சொல்லித் தந்தார்கள். களிம்பு வெளியிலிருந்து வந்து படிவதல்ல, செம்போடு கூடவே இருப்பது என்று ஆசிரியர் விளக்கியது நினைவிருக்கிறது. தத்துவத்தில் அது சரியாக இருக்கலாம். கனெக்டரில் நான் கண்ட களிம்பு உப்பும் ஈரமும் சேர்ந்து வெளியிலிருந்து வந்ததுதான். எந்த வழியாக வந்தது என்ற கேள்வியை அன்றைக்கே நான் இன்னும் கொஞ்சம் இழுத்துக் கேட்டிருக்க வேண்டும்.

கோளாறு கையில் கிடைத்துவிட்டது என்று நம்பினேன். பின்கள் தளர்ந்து, கூடு உடைந்து, களிம்பும் ஏறியிருந்தால் எஞ்சின் அதிர்வில் தொடர்பு விட்டுவிட்டு அறுவது இயல்பு. சென்சரின் பக்கம் மீற்றர் வைத்துப் பார்த்தேன். சுருளின் தடை சரியாக இருந்தது. கணினிப் பெட்டியிலிருந்து கனெக்டர் வரை இரு வயரிலும் தொடர்ச்சி பார்த்தேன். இரண்டும் ஒரு ஓமுக்கும் குறைவு. ஆகவே, கனெக்டர் மட்டும்தான் பழுது என்ற முடிவுக்கு வந்து, அதே வகைக் கூடும் பின்களும் வயர்ச் சீல்களும் கொழும்பிலிருந்து வரவழைத்தேன்.

அந்த வேலையை எப்படிச் செய்தேன் என்று சொல்ல வேண்டும், ஏனென்றால் வேலையில் குறை இருக்கவில்லை. பழைய பின்களை வெட்டுமுன் எந்த வயர் எந்தக் குழியில் இருந்தது என்று கடதாசியில் வரைந்துகொண்டேன். இந்த வகைச் சென்சரில் இரண்டு வயரும் இடம் மாறினால் அலை தலைகீழாகிவிடும், கணினிப் பெட்டி பல்லின் விளிம்பைத் தவறான கணத்தில் கணக்கெடுக்கும். முதலில் சீலை வயரில் கோத்துவிட வேண்டும். பின்னை நசுக்கிய பிறகு சீல் ஏறாது. பின்னின் வாலில் இரண்டு சோடிச் சிறகுகள் இருக்கும். உள்சோடி செம்பு இழைகளை மட்டும் அணைக்க வேண்டும், வெளிச்சோடி சீலின் கழுத்தைப் பிடிக்க வேண்டும். இழையொன்று வெளியே நின்றாலும் அதை வெட்டிவிட்டுத் திரும்பச் செய்வேன். நசுக்கிய பின் வயரை விரலால் பலமாக இழுத்துப் பார்ப்பேன். அது கையோடு வராவிட்டால்தான் கூட்டுக்குள் தள்ளுவேன், உள்ளே போய் "டிக்" என்று பூட்டும் அந்தச் சிறு சத்தத்தைக் காதில் வாங்காமல் விடமாட்டேன். சென்சருக்குப் போகும் இரண்டு வயரும் சடைபோல ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு வந்தன. அது அழகுக்காகச் செய்ததல்ல. மின் பிறப்பிக்கும் ஒல்டர்நேற்றரின் இரைச்சல் இரு வயரிலும் ஒரே அளவில் விழுந்து கழிந்துபோவதற்காக முறுக்கியிருக்கிறார்கள். திருத்திய இடத்தில் அந்த முறுக்கைக் கைவிட்டால் பிறகு இன்னொரு புதுக் கோளாறு பிறக்கும். அதையும் திரும்ப முறுக்கினேன். நெளிகுழாய் போட்டு, வயர் தொங்காமல் எஞ்சினோடு பிடித்து, கனெக்டருக்குக் கீழே சிறு தொய்வு விட்டேன். வழியும் நீர் அந்தத் தொய்வின் அடியில் சொட்டிப் போகும், கனெக்டருக்குள் ஏறாது.

இப்படிச் செய்த வேலை பதினொரு நாளில் திரும்பி வந்தது. இரவு ஒன்றரை மணிக்குத் தொலைபேசி அடித்தது. "அண்ணன், திரும்ப நிண்டுட்டு" என்றான் சாரதி. எங்கே என்று கேட்டேன். கல்ஓயாச் சந்தியைத் தாண்டி நான்கு கிலோமீற்றர். ஸ்டார்ட் எடுத்துப் பார்த்தாயா என்றேன். பயத்தில் இறங்கவே இல்லை, முன்னால் ஏதோ அசைகிறது என்றான். பத்து நிமிடம் அவனோடு பேசிக்கொண்டே இருந்தேன். எஞ்சின் பிடித்ததும் அவன் "சரி, சரி" என்றதும் தொடர்பு அறுந்ததும் ஒன்றாக நடந்தன. அதற்குப் பிறகு நான் உறங்கவில்லை.

டேப்பின் மடித்த நுனி

இரண்டாம் முறை லொறி வந்தபோது நான் மீற்றரை வைத்துவிட்டுச் சும்மா பார்க்கவில்லை. மீற்றரின் ஒரு முனையைக் கணினிப் பெட்டிப் பக்கமும் மறுமுனையைக் கனெக்டர் பக்கமும் பிடித்து வைத்து, சத்தம் போடும் நிலையில் விட்டேன். என்னிடம் பழகும் பையனை வயரிங் கட்டின் தொடக்கத்திலிருந்து அங்குலம் அங்குலமாக வளைத்துக்கொண்டு வரச் சொன்னேன். தொடர்ச்சி இருக்கும்வரை மீற்றர் கூவிக்கொண்டே இருக்கும். கெபினின் அடியில், சேஸியின் வளைவில், பற்றரிப் பெட்டிக்குப் பின்னால், எங்கும் கூவியது. கனெக்டருக்கு ஒரு சாண் மேலே வந்தபோது, கூவல் ஒரு கணம் விக்கியது. திரும்ப வளைக்கச் சொன்னேன், திரும்பவும் விக்கியது. என் புதுக் கனெக்டரிலும் அல்ல, பின்னை நசுக்கி நான் செய்த கிரிம்பிலும் அல்ல, அதற்கு மேலே, நான் தொடவேயில்லை என்று நினைத்திருந்த பழைய வயரில். முதல் முறை அதே வயரில் தொடர்ச்சி பார்த்தபோது மீற்றர் நல்ல எண்ணைக் காட்டியதன் காரணம் அப்போது விளங்கியது. அசையாமல் கிடக்கும் வயரில் பத்து இழையில் ஒன்று மிஞ்சியிருந்தாலும், மீற்றர் அனுப்பும் சொற்ப மின்னோட்டத்துக்கு அது போதும். எஞ்சின் அதிர்ந்து, சூடேறி, அந்த ஒற்றை இழையும் விலகும் கணத்தில்தான் சுற்று அறுகிறது. நின்று குளிர்ந்ததும் முனைகள் மீண்டும் தொட்டுக்கொள்கின்றன. இரண்டு மணி நேரக் கணக்கும் பத்து நிமிடக் கணக்கும் இதுதான்.

அந்த இடத்தில் நெளிகுழாயை விலக்கினால், தொழிற்சாலையின் சுற்றுக்கு மேலே, ஒரு அங்குல நீளத்தில் வேறொரு கறுப்பு டேப் ஒட்டியிருந்தது. அதன் நுனி உள்ளே மடிக்கப்பட்டிருந்தது. டேப் ஒட்டி முடிக்கும்போது கடைசி அரை விரல்கடையை மடித்துவிடுவது என் வழக்கம்; பிறகு யாராவது கழற்ற வேண்டுமானால் நகத்தால் சுரண்டத் தேவையில்லை. இந்த ஊரில் வேறு எவரும் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. அந்த மடிப்பைப் பிடித்து நானே இழுத்தேன். கீழே வெள்ளை வயரின் தோலில், கடுகை விடச் சிறியதொரு புள்ளி பச்சையாக இருந்தது. நகத்தால் வயரை அழுத்தியதும் தோல் உள்ளே குழிந்தது. குழியக்கூடாது, உள்ளே செம்பு இருந்தால். கத்தியால் தோலைக் கீறினேன். புள்ளிக்கு இருபுறமும் நான்கு விரல் தூரத்துக்குச் செம்பு கறுத்து, தொட்டதும் பொடியாக உதிர்ந்தது. ஊசி போன வழியே நூல் போகும் என்பார்கள். இங்கே போயிருந்தது உப்பு.

அந்த ஊசி என்னுடையது. உறுதிப்படுத்திக்கொள்ளக் கொப்பியை எடுத்தேன். நான் பார்க்கும் ஒவ்வொரு வாகனத்துக்கும் திகதி போட்டு எழுதிவைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. 2020 ஐப்பசியில் இதே லொறி எஞ்சின் விளக்கு எரிகிறது என்று வந்திருக்கிறது. வேறொரு சிறு காரணத்தைக் கண்டுபிடித்துத் திருத்தியிருக்கிறேன். அதற்கு முன்வரியில் என் கையெழுத்தில், "கிராங்க் வயர் ஊசி வைத்துப் பார்த்தேன், சரி" என்று இருந்தது. சரியாக இருந்த வயரை, சரியா என்று பார்க்கத் துளைத்தேன். துளைக்கு மேல் ஒரு டேப் துண்டைச் சுற்றினேன். வாடையும் ஐஸ் நீரும் நான்கு வருடம் அந்த டேப்பின் கீழே புகுந்து, இழைகளுக்கு இடையே திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் ஏறியிருக்கின்றன.

இந்த ஊசிப் பழக்கம் எனக்கு எங்கிருந்து வந்தது என்பதை நியாயமாகச் சொல்ல வேண்டும். 2003 இல் நான் தொழில் பழகப் போன பாஸ், 24 வோல்ற் லொறிகளில் வளர்ந்தவர். அவர் கையில் எப்போதும் ஒரு டெஸ்ட் லாம்ப் இருக்கும். ஸ்குரூ டிரைவர் போன்ற பிடிக்குள் ஒரு சிறு பல்ப், நுனியில் ஊசி, வாலில் முதலைக் கவ்வி. கவ்வியை சேஸியில் கடித்துவிட்டு ஊசியை வயரில் குத்தினால், மின் இருந்தால் பல்ப் எரியும். அந்தக் காலத்து வயர்கள் தடித்தவை. அவற்றில் ஓடியது முகப்பு விளக்குக்கும் ஸ்டார்ட்டருக்குமான பெரிய மின்னோட்டம். நான்கு இழை கறுத்தாலும் மற்றவை சுமக்கும். அப்போது கிண்ணியாவுக்குப் பாலம் இல்லை. பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவைப் படகில் ஏறித்தான் லொறிகள் களப்பைக் கடந்தன. 2009 இல் 396 மீற்றர் நீளப் பாலம் திறந்த பிறகு வந்த பிள்ளைகளுக்கு அந்தப் பாதை தெரியாது. அலை அடித்தால் சக்கரம் நனையும். நனைந்த லொறியின் விளக்கு எரியாவிட்டால், சோதனைச் சாவடி மூடுமுன் அதை எரியவைத்தாக வேண்டும். அந்த அவசரத்தில் பாஸின் ஊசி எத்தனை பேரை வீடு சேர்த்திருக்கும் என்பதை நான் கண்ணால் கண்டவன். அவரிடம் நான் ஒரு குறையும் காணவில்லை. அவருடைய கருவியை, சிறியதொரு மின் அலையைக் காவிச் செல்லும் வயருக்கு நான் கொண்டுவந்ததுதான் பிழை. பல்பை மட்டும் மீற்றராக மாற்றினேன். கணினிப் பெட்டியோடு தொடுத்த வயரில் பல்ப் வைத்தால் பெட்டியே எரியக்கூடும் என்று படித்திருந்தேன். ஊசியை ஏன் மாற்ற வேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானாகவும் யோசிக்கவில்லை.

நானா மாலையில் வந்தார். வெட்டிய வயரை அவர் உள்ளங்கையில் வைத்து, பச்சைப் புள்ளியைக் காட்டி, இது நான்கு வருடத்துக்கு முன் நான் போட்ட துளை என்று சொன்னேன். கொப்பியையும் காட்டினேன். இரண்டு சென்சருக்கும் நீங்கள் செலவழித்த காசை நான் தருகிறேன் என்றேன். அவர் வயரை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பொடியை விரலில் எடுத்துத் தேய்த்தார். "மீன் முள்ளு மாதிரி இரிக்கி" என்றார். பிறகு, "நாளைக்கு இரவைக்கு ஏத்தலாமா, தம்பி?" என்று கேட்டார். ஏற்றலாம், முதல் நடை நானும் கூட வருகிறேன் என்றேன். காசைப் பற்றி அவர் அன்றைக்கு எதுவும் பேசவில்லை. பின்னர் புதிய சென்சருக்கான காசை மட்டும் வாங்கிக்கொண்டார். பழையது எப்படியும் உதவும் என்று அதைத் தன்னிடமே வைத்துக்கொண்டார்.

திருத்தவேலை இம்முறை ஒரு நாள் பிடித்தது. கறுத்த செம்பில் ஈயமும் பிடிக்காது, கிரிம்பும் நிலைக்காது. ஆகவே இரு பக்கமும் மினுங்கும் செம்பு வரும்வரை வெட்டிக்கொண்டே போனேன். மொத்தம் ஒரு முழம் போயிற்று. அதே பருமனில் புது வயர் எடுத்து, இரண்டு வயரையும் இடையில் நீட்டினேன். மூட்டுகள் பக்கத்தில் பக்கமாக வராமல் ஒன்றுக்கு ஒன்று இரண்டு அங்குலம் தள்ளி வரும்படி வெட்டினால், கட்டு ஒரே இடத்தில் புடைக்காது, இரண்டு மூட்டும் ஒன்றோடொன்று உரசவும் வாய்ப்பில்லை. மூட்டுக்கு ஈயமா கிரிம்பா என்று எங்கள் ஆட்களிடையே முடியாத வாதம் ஒன்று உண்டு. வீட்டு ரேடியோவுக்கு ஈயம் மிக நல்லது. ஆனால் எஞ்சினில் ஈயம் இழைகளுக்குள் ஊறி, மூட்டுக்கு அப்பாலும் வயரைக் கம்பியாக இறுக்கிவிடும். இறுகிய இடம் முடிந்து நெகிழ்வு தொடங்கும் எல்லையில், அதிர்வு நாள்தோறும் அதே இடத்தை வளைத்து ஒடிக்கும். அளவான குழலில் நசுக்கிய கிரிம்ப்தான் என் தெரிவு. அதன் மேல், உட்புறம் பசை பூசிய சுருங்கும் ஸ்லீவைப் போட்டுச் சூடு காட்டினேன். ஸ்லீவ் சுருங்கி, இரு ஓரத்திலும் பசை மெல்லிய வளையமாகப் பிதுங்கி நின்றால்தான் உள்ளே நீர் போகாது என்று நம்பலாம். ஒரு மூட்டில் அந்த வளையம் ஒரு பக்கம் மட்டுமே வந்தது. வெட்டி எறிந்துவிட்டுத் திரும்பச் செய்தேன். கடைசியாக, ஸ்டார்ட்டரைச் சுற்றவிட்டு, கனெக்டரின் பின்புறம் சீலின் ஓரமாக ஒரு மெல்லிய முனையைச் செருகி அலையைப் பார்த்தேன். வயரின் தோலை எவரும் தொடவில்லை. கட்டை எவ்வளவு அசைத்தும் அலை விக்கவில்லை.

முதல் நடைக்கு நான் சொன்னபடி போனேன். கல்ஓயாச் சந்தி தாண்டியதும் சாரதியும் நானும் பேச்சை நிறுத்திவிட்டோம். ஹபரணையின் தேநீர்க்கடை வெளிச்சம் தெரிந்ததும்தான் அவன் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்தான்.

தொழில் நண்பர்களிடம் இதைச் சொன்னபோது பலரும் அதை ஒரு பெரிய விடயமாக எடுக்கவில்லை. துளைக்கு மேல் கொஞ்சம் சிலிக்கன் வைத்திருந்தால் போதும் என்றார் ஒருவர். சிலிக்கனும் நாளடைவில் உரியலாம். துளையில் ஏற்கெனவே புகுந்த ஈரத்தை உள்ளே பூட்டியும் வைக்கும். ஊசி வைக்காமல் எப்படிப் பார்ப்பது, நேரம் எங்கே இருக்கிறது என்றார் இன்னொருவர். அந்தக் கேள்வி நேர்மையானது. பின்புறமாக முனை செருக, கனெக்டர் இருக்கும் இடத்துக்குக் கை போக வேண்டும். அதற்கு ஒருநேரம் கெபினைச் சரிக்க வேண்டும், ஒருநேரம் டயரைக் கழற்ற வேண்டும். நடுவழியில் கிடைக்கும் ஒரு நீள வயரில் குத்திவிடுவது அரை நிமிடம். வாடிக்கையாளர் அந்த மேலதிக ஒரு மணி நேரத்துக்குக் காசு கொடுக்க முன்வருவதில்லை என்பதும் உண்மை. ஆனால் நிலாவெளி உப்பளத்தின் காற்றும் கொட்டியாரக்குடாவின் காற்றும் அடிக்கிற ஊரில், தோல் கிழிந்த செம்பு வயரின் ஆயுளைக் குத்தியவன் தீர்மானித்துவிடுகிறான். அதை அனுபவிப்பவன் வேறொருவன், அதுவும் நான்கு வருடம் கழித்து, யானைக்காட்டில். ஆகவே அந்த ஒரு மணி நேரத்தை நான் இப்போது கேட்டு வாங்குகிறேன். கொடுக்காதவர்களுக்கு என் கணக்கில் செய்கிறேன்.

மிச்சம் இருப்பது கொப்பிதான். மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பழைய கொப்பிகள் அனைத்தையும் எடுத்து வைத்து, "ஊசி வைத்துப் பார்த்தேன்" என்ற வரி வரும் சென்சர் வேலைகளை மட்டும் தனியாக எழுதினேன். முப்பத்தொரு வாகனங்கள். ஒவ்வொருவருக்கும் தொலைபேசி எடுத்தேன். சிலர் விற்றுவிட்டார்கள்; வாங்கியவரின் எண் கேட்டு வாங்கினேன். ஒருவர் நான் வேலை பிடிக்க முயல்கிறேன் என்று நினைத்து வைத்துவிட்டார். அவருக்கு இன்னொருமுறை எடுத்து, காசு வேண்டாம் என்று சொல்ல வேண்டியிருந்தது. இதுவரை பத்தொன்பது வந்திருக்கின்றன. பதின்மூன்றில் டேப்பின் கீழே செம்பு இன்னும் மினுங்கியது. துளையிருந்த இடத்தை வெட்டி, மூட்டி, ஸ்லீவ் போட்டு அனுப்பினேன். ஆறில் கறுத்திருந்தது. அந்த ஆறும் கடலோரம் ஓடுபவை. ஒரு கூலர் லொறியில், மிஞ்சியிருந்த இழைகளை எண்ணிப் பார்த்தேன், மூன்று.

நாளை காலை மூதூரிலிருந்து ஒரு டிப்பர் வருகிறது. கொப்பியில் அதற்கு நேரே, 2019 மாசி, எரிபொருள் அழுத்த சென்சர், நடு வயர் என்று எழுதியிருக்கிறேன்.